சிரிப்பு போகாத கத்தி

இது நடந்தது. நாளும் நேரமும் என்னிடம் இருக்கின்றன. 1924 டிசம்பர் 13, சனிக்கிழமை. பிற்பகல் இரண்டே முக்காலிலிருந்து ஐந்து மணி பத்து நிமிடம் வரை. நான் தூங்கவில்லை. குடிக்கவும் இல்லை; காலையிலிருந்து உள்ளே போனது இரண்டு கோப்பை சிக்கரிக் காபியும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியும்தான். பயந்த சுபாவமும் எனக்குக் கிடையாது. எனக்கு இருந்தது வேறொரு நோய். பொறாமை.

அதுவும் செத்துப்போனவன் மேல்.

அவன் பெயர் ரைனோல்ட். என் மனைவி ஹுல்டாவின் முதல் கணவன். கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊரில், வுப்பர் ஆற்றுச் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் வாழ்ந்தவன். அவன் செய்த வேலையைத்தான் நானும் செய்கிறேன்: கம்பெனியிலிருந்து வரும் சவரக்கத்திகளுக்குத் தீட்டுக்கல்லில் கடைசிக் கூர் ஏற்றுவது. அவன் உட்கார்ந்த பலகையில்தான் உட்கார்கிறேன். ஆளை நான் பார்த்ததே இல்லை. 1922இல் நெஞ்சு நோயில் போய்விட்டான் என்று சொன்னார்கள். நான் ஹுல்டாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தது 1924 வசந்தத்தில்.

போயும் அவன் போகவில்லை. நான் தீட்டிய கத்தியைக் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பேசினார்கள். அவன் இடதுகைக்காரன். 'இடதுகைக் கூர்' என்று அதற்கொரு பெயரே இருந்தது. ஆற்றங்கரைப் பட்டறையில் சக்கரச் சாணை பிடிக்கும் வில்லம் அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை.

"என்ன மாப்ளே, கூரு நல்லாத்தான் இருக்கு. வெண்ண வெட்டலாம்."

"வேலையப் பாருங்க, வில்லம் அண்ணே."

"கோவத்தப் பாரு! ரைனோல்ட் உக்காந்த பலகை இன்னும் சூடா இருக்கா, ஆறிப்போச்சா?"

சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் கை ஓடாது.

நவம்பரில் ஒருநாள் கம்பளித் துண்டு தேடப்போய் அந்தக் கத்தியைக் கண்டேன். துணிப்பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தது. பழைய சவரக்கத்தி. வெட்டும் வாய் நேராக இல்லை. நடுவில் லேசாக வயிறு தள்ளி, இரண்டு முனையும் மேலே ஏறி வளைந்திருந்தது. சிரிக்கும் கத்தி என்போம் நாங்கள். அதைத் தீட்டுவது எல்லோருக்கும் வராது. பிடிப்பக்கத்து மூலையில் தொடங்கி, மணிக்கட்டை மெல்ல உருட்டி, வயிற்றைத் தொட்டு, நுனியில் முடிக்க வேண்டும். கல்லில் தட்டையாக வைத்து இழுப்பவன் கையில் கிடைத்தால் நடுப்பகுதி தேய்ந்து வாய் நேராகிவிடும். அப்புறம் அது சிரிக்காது.

ஹுல்டா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"யாரோடது இது?"

"குடு."

"யாரோடதுன்னு கேட்டேன்."

"கண்டதையும் நோண்டாத, ஆல்வின். குடு."

பிடுங்கவில்லை. தூங்கும் பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிடுங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவனுடைய கத்திதான். என்னோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியில் அவனை வைத்திருக்கிறாள்.

மூன்று வாரம் யோசித்தேன். உடைத்தால் தெரிந்துவிடும். எங்காவது எறிந்தால் அழுவாள், அந்த அழுகையை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் முடிவு செய்தேன். அதைத் தீட்டுவேன். தட்டையாக. சிரிப்பு போகும்வரை.

சனிக்கிழமை தோறும் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாரம் முழுதும் தீட்டிய கத்திகளைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து கம்பெனிக்குக் கொண்டுபோவார்கள். போய், வரிசையில் நின்று, திரும்பி வர ஐந்து மணியாகும். அன்று 2.45க்கு ஹுல்டா கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"அடுப்புல உருளக்கிழங்கு சூப் இருக்கு. பனி ஏறுது, வெளக்க சீக்கிரம் ஏத்திக்க."

"ம்."

"என்ன மூஞ்சி இது, புளிச்ச கோசு மாதிரி?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

2.50க்குப் பெட்டியைத் திறந்தேன்.

துணியின் உட்புறம் ஈரமாக இருந்தது. எண்ணெய் இல்லை. தண்ணீர். டிசம்பர் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியின் வாயில் விட்டேன். சத்தமில்லாமல் இரண்டாயிற்று. இரண்டு வருடமாக யாரும் தொடாத கத்தி அப்படி வெட்டாது. நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தது. இதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பொறாமைக்காரனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

3.05. மஞ்சள் தீட்டுக்கல்லை நனைத்தேன். கத்தியைத் தட்டையாக வைத்து, நடுவில் இரண்டு விரலால் அழுத்தி, இழுத்தேன். இப்படி ஒரு கத்தியை அழுத்துவது பாவம் என்று என் கைக்குத் தெரிந்தது. இருந்தும் இழுத்தேன். ஐம்பது. நூறு. கல்லில் ஊறிய குழம்பு சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. இரும்பு தேய்ந்து இறங்குகிறது என்று அர்த்தம். மனசுக்குள் குளிர்ந்தது.

3.30. பனியில் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கேற்றி, கத்தியின் வாயை எஃகு அளவுகோலின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவில் தொட்டது. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் புகுந்தது.

வளைவு அப்படியே இருந்தது.

இன்னும் இருநூறு. குழம்பு மைபோல் ஆனது. அளவுகோலில் வைத்தேன். ஓரங்களில் அதே வெளிச்சம். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. இவ்வளவு இரும்பு எங்கிருந்து இறங்கியது?

"சிரி. பாக்கலாம் நீ எவ்வளவு நேரம் சிரிக்கிறன்னு" என்று வாய்விட்டே சொன்னேன்.

3.58. கை வலித்தது. நிறுத்தினேன்.

ஸ்ஸ்ர்ர்க்...

நான் நிறுத்திய பிறகு ஒரு இழுப்பு. கல்லில்.

கூரையில் பனி சறுக்கியிருக்கும். மறுபடி தொடங்கினேன். பத்து இழுத்து, சட்டென்று நிறுத்தினேன்.

பதினொன்றாவது கேட்டது.

தீட்டும் ஓசை ஆளுக்கு ஆள் மாறும். வேகம், அழுத்தம், திருப்பும் இடம்... கையெழுத்து மாதிரி. இது என் ஓசை இல்லை. என்னுடையதைவிடக் குட்டையானது. ஆத்திரமானது.

4.12. கத்தியைக் கல்லிலிருந்து தூக்கி உயரே பிடித்தேன். மூச்சைக்கூட விடவில்லை.

ஸ்ஸ்ர்ர்க்... ஸ்ஸ்ர்ர்க்...

கண் எதிரே கல்லின் மேலிருந்த கறுப்புக் குழம்பு பிளந்தது. ஒரு கோடு. அடுத்தது. கோடுகள் சாய்ந்து போயின, நான் இழுக்கும் சாய்வுக்கு நேர் எதிராக.

இடதுகை.

எழுந்திருக்க நினைத்தேன். அப்போது என் வலது தோளில் ஒன்று இடித்தது. ஒரு தோள். ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்து வேலை செய்கிறவனின் தோள்.

இடித்தது. விலகியது. இடித்தது.

ஒவ்வொரு இழுப்புக்கும்.

பிறகு நடந்தது எனக்கே வெட்கம். நான் ஓடவில்லை. என் கை கத்தியைக் கல்லில் வைத்தது. இழுத்தது. அவன் இழுத்தான். நான் இழுத்தேன். நிறுத்த முடியவில்லை...

4.40.

4.55.

விளக்கு சிறுத்தது.

நெஞ்சில் ஒரு பிடி.

மூச்சு வரவில்லை.

வெளியே ஆற்றுப் பக்கத்தில் யாரோ நாயை அதட்டினார்கள். அந்தக் குரல்தான் என்னைக் காப்பாற்றியது. கத்தியைப் போட்டேன். கதவில் மோதி வெளியே விழுந்தேன். எழுந்து, சரிவில் ஓடினேன்.

5.10க்குப் பாதை வளைவில் ஹுல்டா வந்துகொண்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை கறுப்பு. கூடையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"எத்தன தடவ இழுத்த?"

"ஹுல்டா, உள்ள யாரோ..."

"எத்தன தடவ?"

"ஆயிரம் இருக்கும். மேலயும் இருக்கும்."

"சிரிப்பு போச்சா?"

"இல்ல."

"போகாது." பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ரைனோல்டுக்கே போகல."

எனக்குப் புரியவில்லை. "அவன் கத்திதானே அது?"

"அவனோடதா? அதக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அது எங்கல்பெர்ட்டோடது. எங்கப்பாகிட்ட வேல பாத்தவன். என்னக் கட்டிக்க இருந்தவன். தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல சண்டைக்குப் போனான். திரும்பி வரல."

நான் கைக் கறுப்பைக் கால்சட்டையில் துடைத்தேன்.

"ரைனோல்டுக்கு நெஞ்சு நோவுன்னு ஊருக்குச் சொன்னேன். ஒரு சனிக்கிழம கூடையோட வந்து கதவத் தெறந்தா, பலகையில சாஞ்சு கெடக்குறான். கையெல்லாம் இதே கறுப்பு. கல்லு மேல அந்தக் கத்தி. எடுத்து வெளக்குல புடிச்சுப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. அதனாலதான் ஒளிச்சு வெச்சேன். நீ பாக்கக் கூடாதுன்னு."

"அப்பவே தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமை வந்தது. இப்போது வேறொருவன் மேல்.

மெல்லத்தான் உறைத்தது. என் தோளில் இடித்துக்கொண்டிருந்தவன் அந்தக் கத்தியைக் காப்பாற்ற வரவில்லை. அதன் சிரிப்பை அழிக்க எனக்கு உதவத்தான் வந்திருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், இரண்டு பேரும் பாலத்துக்குப் போனோம். கத்தியை ஹுல்டாவே வுப்பரில் போட்டாள். அழவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகிறாளா என்று.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கூடையை நான்தான் சுமக்கிறேன். கம்பெனி வாசலில் பெண்கள் வரிசையில் தலையில் கூடையோடு நான் ஒரே ஆண். "ஹுல்டா புருசனுக்குப் பாவாடையும் வாங்கித் தரலாமாடி?" என்று அவர்கள் கேட்காத வாரமில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். மூன்று மணிக்கு அந்தப் பலகைப் பக்கம் நான் இருக்கமாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டது. 4.20க்கே வீட்டுக்கு வந்தேன். ஹுல்டா வெளியே, பனியில், சால்வைகூட இல்லாமல் நின்றிருந்தாள்.

"உள்ள போகாத, ஆல்வின். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"என்ன நின்னுடும்?"

"தீட்டுற சத்தம். நீ கெளம்பினா ஆரம்பிக்குது. எல்லாச் சனிக்கிழமையும். சொல்ல வேணாம்னு இருந்தேன்."

வீடு இருட்டாக இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"ரைனோல்டா?"

"ரெண்டு பேரு."

"எங்கல்பெர்ட்டும் வந்துட்டானா?"

இல்லை என்று தலையாட்டினாள். 

"ஒருத்தன் இடதுகை. இன்னொருத்தன்... நீதான். உன் கை சத்தம் எனக்குத் தெரியாதா?"