முன்சக்கரத்துத் தட்டு

எங்கள் காருக்கு முன்சக்கரத்தில் மற்ற வண்டிகளைப் போல பிரேக் டிரம் கிடையாது. வட்டமான இரும்புத் தட்டுதான். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் அப்படி ஒன்றை எந்த மெக்கானிக்கும் பார்த்ததில்லை என்பதில் எனக்குப் பெருமைதான். மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த துரை, தன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காடு உழுகிறவர் வீட்டில் கார் என்றால் சும்மாவா?

அதை வாங்க அப்பா மூன்று கறவை மாடுகளை விற்றார். மூன்றும் அம்மாவோடு சீராக வந்த மாட்டின் கன்றுகள், எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவை. அம்மாவிடம் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் சண்டை போடவில்லை. மாடுகள் கட்டியிருந்த கட்டுத்தரையில் கார் வந்து நின்ற மறுநாள், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரே ஒரு பையோடு பஸ் ஏறிக் காந்தலூருக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு எட்டு வயது.

எங்கள் சனத்தில், கோபித்துக்கொண்டு போன பெண் தானாகத் திரும்பி வரமாட்டாள். புருஷன் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூப்பிட வேண்டும். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: “மாட்ட வித்து வாங்குன காரு எங்க மலைக்கு ஏறுதான்னு பாக்கறமுங்க. அதுலயே வந்து கூப்பிடச் சொல்லுங்க, அனுப்பறம்.”

துரையிடமே தேய்ந்து தகடாகிக் கிடந்த தட்டு, அந்த மாதமே விரிசல் விட்டது. பிரேக் இல்லாத வண்டியைக் காந்தலூருக்கு ஏறும் மறையூர் மலைப்பாதையில் கொண்டுபோக முடியுமா? தட்டுக் கிடைத்தால் அம்மா வருவாள். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பொள்ளாச்சி மெக்கானிக் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏனுங்க, தோசக்கல்லக் கொண்டாந்து எங்கிட்டக் குடுக்கறீங்க?” என்றான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிற ஆசாரி, தானே அடித்துத் தருவதாகச் சொல்லி ஒன்று அடித்தும் கொடுத்தார். மாட்டினால் சக்கரம் சுற்றவே இல்லை. “பிரேக்குன்னா நிக்கோணும்னு தானுங்க சொன்னீங்க? நிக்குதில்லீங்க?” என்றார் அவர். சமைத்துப்போட வந்திருந்த அத்தைக்குக் காரைக் கண்டாலே ஆகாது. “மாடு நின்ன எடத்துல இரும்பக் கட்டி வெச்சிருக்கறான். இது கன்னு போடுமா, பால் கறக்குமா?” என்று அப்பாவின் காதில் விழும்படியே சொல்வாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் இல்லை. நான் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வேன். ஒரு முன்சக்கரம் இல்லாமல் கல்லின்மேல் சாய்ந்து நிற்கும். முன்சீட்டு அம்மாவுக்கு என்று விட்டுவிட்டுப் பின்சீட்டில்தான் உட்காருவேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் முன்சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்குவேன்.

ஒருநாள் அத்தை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அப்பா என்னையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த தட்டை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். கடைசியாக ஒரு கடையில் இருந்த பெரியவர் பரணிலிருந்து இரண்டு தட்டுகளை இறக்கினார்.

“ஊட்டிப் பக்கம் உருண்டுபோன வண்டியில களட்டுனதுங்க. ரெண்டும் நல்லாருக்குது. வெச்சுப் பாருங்க.”

அப்பா எங்கள் தட்டை அதன்மேல் வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. நடு ஓட்டையும் சரியாக இருந்தது. சுற்றிலும் போல்ட்டு ஓட்டை ஐந்து. எனக்கு எழுத்து அன்றைக்கும் வராது, இன்றைக்கும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்ணிக்கையில் தப்பமாட்டேன். ஐந்து ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தேன். மேல் தட்டில் நுழைந்த விரல் கீழ்த் தட்டில் எங்கும் இடிக்காமல் அடிவரை போயிற்று.

“சேருதுங்கப்பா!” என்று கத்தினேன்.

“பாப்பாவே பாஸ் பண்ணிருச்சுங்க,” என்று பெரியவர் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தட்டை எடுத்தார், மறுபடி வைத்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இல்லீங்க. இது சேராதுங்க,” என்றார்.

“கண்ணு முன்னாடி சேந்து கெடக்குதுங்களே! காசு அப்பறம் பாத்துக்கலாமுங்க. கொண்டுபோய் மாட்டிப் பாருங்க, ஆகலீன்னா திருப்பிக் குடுங்க.”

“சேராதுங்க,” என்று அப்பா சாக்கைக் கட்டினார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “உனக்குத் தெரியாது அம்மிணி, வா,” என்றார்.

பஸ் கிணத்துக்கடவு தாண்டியதும் அப்பா கேட்டார்.

“உங்கம்மா போறப்ப உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“இல்லீங்கப்பா.”

“திரும்பி வாறன்னு?”

“நான் பள்ளிக்கோடத்துல இருந்தனுங்களே.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் தட்டுத் தேடி எங்கும் போகவில்லை. அம்மா காந்தலூரிலேயே இருந்துவிட்டாள். வண்டி போய் வாசலில் நின்று, அதற்கப்புறமும் அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று ஒரு மனுஷன் பயந்திருக்கக்கூடும் என்பது எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒருதடவை கோபித்துக்கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்குத் தோன்றியதெல்லாம், அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, பாவம், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்பதுதான். அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “அடுத்த கடையில நானே எண்ணிச் சொல்றனுங்கப்பா, நீங்க சும்மா நில்லுங்க,” என்று தைரியம் சொன்னேன்.

“செரி கண்ணு,” என்றார் அப்பா.