பஸ்ஸில் ஒப்பித்த பாடம்

மீன்காரி கிளியம்மாளின் குரலுக்குத் திண்டிவனத்தில் பயப்படாதவர்கள் குறைவு. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குவாள். பதினொரு வருடமாக என் தையல் கடை வாசல்தான் அவளுக்கு நிழல். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களை ஒரே பார்வையில் அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயந்து ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தாள். வேறு யாருமில்லை, அவள் பெற்ற மகள் தமிழ்மொழிதான்.

ஐந்து வயதாகியும் தமிழ்மொழிக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் பார்த்திபன் ஊர்ப் பக்கமே வரவில்லை. சென்னையில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறான். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ரெமியைக் கல்யாணம் செய்துகொண்டான். மிசோரம் பெண். சேதி கேட்டதும் கிளியம்மாள் போனிலேயே, சைனாக்காரியைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் ஏறாதே என்று கத்திவிட்டாள். அன்று மாலையே என் கடையில் உட்கார்ந்து அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை, நன்றாகத் திட்டினேன். தாயில்லாத வீட்டில் அவளே இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

மூன்று வருடம் கழித்து இந்தத் தை மாதம்தான் அவன் இறங்கி வந்தான். பெருமுக்கல் மலைக்கோயிலில் காதுகுத்து வை, ரெமியோடு வருகிறேன், ஆனால் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம், உன் வீட்டு வாசலுக்கு வரமாட்டோம் என்றான். கிளியம்மாள் சரியென்றாள். எப்படியாவது அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு வேளை சோறு போட்டுவிட வேண்டும் என்பதே அவள் நினைப்பெல்லாம்.

நடுவில் நின்றது தமிழ்மொழியின் வாய். போன மாதம்தான் என் கடைக்குச் சட்டை தைக்க வந்த டைல்ஸ் வேலைக்காரரைப் பார்த்து, "நீ இந்திக்காரனா? ஏன் பல்லு செவப்பா கீது?" என்று கேட்டு வைத்தாள். பாவம், அந்த மனிதர் அளவு கொடுக்காமலே போய்விட்டார். ரெமியிடமும் இப்படிக் கேட்டால் எல்லாம் முடிந்தது. அதனால் கிளியம்மாள் பிள்ளைக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். மீன் அரியும்போதும் பாடம், சோறு ஊட்டும்போதும் பாடம். வேண்டாமடி, பிள்ளைக்குத் தெரியாததை நீயே சொல்லிக்கொடுக்காதே என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

அந்த நாளும் வந்தது. உறவுக்காரர்கள் வேனில் நேராக மலைக்குப் போய்விட்டார்கள். தம்பியை வரவேற்கக் கிளியம்மாளும் தமிழ்மொழியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பாவாடை சட்டை தைத்தவள் என்ற உரிமையில் நானும் கூடவே. சென்னை பஸ்ஸிலிருந்து பார்த்திபன் இறங்கினான். பின்னால் அரக்குச் சேலையில் ரெமி.  தமிழ்மொழி வாயே திறக்கவில்லை. மரக்காணம் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரைக்கும் திறக்கவில்லை.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. ரெமி அவளை மடியில் தூக்கி வைத்து, ஏன் பேச மாட்டேங்குற என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"பேசுவேன். ஆனா உன்ன சைனான்னு சொல்லக் கூடாது. நேபாளமான்னு கேக்கக் கூடாது. கண்ணு ஏன் சின்னதா கீதுன்னு கேக்கக் கூடாது. மூக்கு சப்பைன்னு சொல்லக் கூடாது. நாய்க்கறி துன்னுவியான்னு கேக்கவே கூடாது. அம்மா சொல்லிச்சு."

ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. கிளியம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோஜனம்? முன் சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்திபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இதுக்குத்தான் இத்தன வருஷமா நான் வரல. எறங்கு ரெமி."

ரெமி எழவில்லை. குழந்தையின் வாயிலிருந்த கையை மெதுவாக விலக்கினாள். கண் சின்னதுதான், ஆனால் ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் வார்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று ஆஸ்பத்திரித் தமிழில் விளக்கினாள். தமிழ்மொழி அந்தக் கண்ணைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, அப்ப சரி என்றாள். பஸ் சிரித்தது. பார்த்திபன் மட்டும் சிரிக்கவில்லை. பெருமுக்கல் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். கிளியம்மாள் தலை நிமிரவில்லை.

மலைமேல் காது குத்தும் பத்தர் ஊசியோடு தயார். பார்த்திபன் யார் முகத்தையும் பார்க்காமல் மணையில் உட்கார்ந்தான். அந்த நேரம் ரெமிக்கு அவள் ஊர் ஐஸ்வாலிலிருந்து வீடியோ கால். அவள் அக்காவும் அக்காவின் நாலு வயது மகளும். ரெமி போனைத் திருப்பி எல்லோரையும் காட்டிக்கொண்டு வந்தாள். கிளியம்மாளின் முகம் வந்ததும் அந்தக் குட்டிப் பெண் என்னவோ சத்தமாகக் கேட்டாள். உடனே ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது. அவள் அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ரெமி அவசரமாகப் போனைத் திருப்பினாள்.

கிளியம்மாள் விடவில்லை, குழந்தை என்ன கேட்டது என்றாள். வேண்டாம் அண்ணி என்றாள் ரெமி. சொன்னால்தான் ஆச்சு என்று இவள் நின்றாள்.

"இந்த ஆன்ட்டி ஏன் இவ்ளோ கறுப்பு, அடுப்புல விழுந்துட்டாங்களான்னு கேக்குறா."

எல்லோரும் கிளியம்மாளைப் பார்த்தார்கள். பிறகு கிளியம்மாள் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பை இந்தப் பதினொரு வருடத்தில் நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

"வாயிலேர்ந்து கைய எடுக்கச் சொல்லு. கொழந்த கேக்கட்டும். அடுப்பு இல்லடி கண்ணு, மரக்காணத்து வெயிலு."

சிரிப்பு அப்படியே அழுகையானது. ரெமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டது எம் பொண்ணு இல்லம்மா. அந்த வார்த்தைய மொதல்ல சொன்னவ நான்தான்."

தெரியும் அண்ணி, அன்றைக்குப் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது என்றாள் ரெமி. கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை.

காது குத்தினார்கள். மூச்சை இழுத்து விடு, வலிக்காது என்று ரெமி அத்தை சொன்னாள். மாமன் மடியில் உட்கார்ந்து தமிழ்மொழி மலையே கேட்க, அத்தை பொய் சொல்லிட்டாங்க என்று கத்தினாள்.

கீழே ரோட்டில் ஒரு பக்கம் குப்பத்துக்குப் போகும் வேன், எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ். நானும் பார்த்திபனும் ரெமியும் பஸ் பக்கம் நின்றோம். கிளியம்மாள் வேனருகே நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. பஸ் வந்து நின்றது. ரெமி படியில் கால் வைக்காமல், பார்த்திபனிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அவன் ஒரு நொடி திகைத்து நின்றுவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

நான் தனியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வேன் ஜன்னலிலிருந்து தமிழ்மொழி ரோடு அதிரக் கத்தினாள்.

"டைலரம்மா, சின்னக் கண்ணு அத்தை எங்க வூட்டுக்கு வர்றாங்க!"

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் கிளியம்மாள். வாயைப் பொத்தவில்லை.