பிளாஸ்டிக்குக்குள் மாட்டிய வாரிசுச் சான்று

அப்பா உலகநாதன் இறந்து மூன்று வருஷம் முடிகிற அன்றைக்குத்தான் முப்பிடாதி மனுவோடு திருநெல்வேலி பொதுப்பணித்துறை ஆபீஸுக்கு வந்து சேர்ந்தாள். கூடவே அண்ணன் சங்கரபாண்டி.

அப்பா ஊர்க் குளத்தில் மடை திறந்து அடைக்கிற லஸ்கர். வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஆனால் மூன்று வருஷத்துக்குள் மனு போயிருக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கவே இரண்டே முக்கால் வருஷம் ஓடிவிட்டது. அண்ணன் எட்டாவதோடு நிறுத்தி சைக்கிள் கடை வைத்தவன். “படிச்சவ நீதான், நீயே போ” என்று சொல்லி, ஆட்சேபணை இல்லையென்று அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

மாடியில் செக்‌ஷன் கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதக் கட்டைப் பிரித்தார். சான்றை விரலால் தட்டினார். டக் டக்கென்று சத்தம் வந்தது.

“என்னம்மா இது, ஹோட்டல் மெனு கார்டு மாதிரி இருக்கு?”

“லேமினேஷன் சார்!” என்றான் சங்கரபாண்டி, பெருமையாக. “மழை பட்டாலும் ஒண்ணும் ஆவாது.”

“ஒண்ணும் ஆவாதுதான். ஒரிஜினல் பின்னாடி நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கணும். எதுல வைக்க? உங்க நெத்தியிலயா? புதுசு வாங்கிட்டு வாங்க, போங்க.”

சங்கரபாண்டிக்கு முகம் செத்துப்போயிற்று. வாசலில் இருந்த இஸ்திரி வண்டிக்காரரிடம் ஓடினான். சூடு காட்டினால் பிளாஸ்டிக் உரிந்து வருமென்று யாரோ சொன்னார்களாம். ஓரத்தில் லேசாகக் காட்டியதும் பிளாஸ்டிக்கோடு தாசில்தார் கையெழுத்தின் வாலும் சேர்ந்து வந்தது.

“எண்ணே, நிறுத்து! மிச்சமாவது இருக்கட்டும்.”

“நான் ஒரு முட்டாப்பயட்டி. பத்திரமா இருக்கணும்னுதான்...”

“அது நல்லாவே தெரியுது. ரேஷன் கார்டையும் அடிச்சு வச்சியே, கடைக்காரன் சீனி எழுத இடமில்லாம அதோட மாரடிச்சானே.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. மணி மூன்றரை. சிரித்தபடியே கீழ்த்தளத்தைப் பார்த்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் தபால் செக்‌ஷன். மாசாமாசம் அப்பா குளத்து நீர்மட்டக் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்த ஜன்னல் அது. லீவு நாளில் அவளையும் கூட்டி வருவார். அந்த ஜன்னலில் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தேதி முத்திரை குத்துவார்கள். சரியா தப்பா என்று பார்ப்பது மாடிக்காரர்கள் பாடு.

தன் மனுவையும் அதன் நகலையும் எடுத்து, இரண்டிலும் கடைசி வரியாக, ‘வாரிசுச் சான்றின் மறுநகல் பின்னர் தாக்கல் செய்யப்படும்’ என்று எழுதினாள். ஜன்னலில் நீட்டினாள். உள்ளே இருந்த பெண் கிளார்க் தலை நிமிரவில்லை.

‘டப்.’

“நகல்லயும் ஒண்ணு குத்துங்கக்கா.”

‘டப்.’

மாடியேறி முத்திரையிட்ட நகலை வைத்ததும் கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“லஸ்கர் மக சார். எந்த மடை எங்க தொறக்கும்னு தெரியாதா?”

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “தேதிக்குள்ள வந்தாச்சு. இனி சான்று மெதுவா வந்தாலும் பரவாயில்ல. ஆனா பிளாஸ்டிக் போடாம வரணும்.”

மறுநகல் நாற்பது நாளில் வந்தது. வேலை உத்தரவு அடுத்த சித்திரையில். ஆபீஸில் பியூன் வேலையும் காலியாக இருந்தது, காற்றாடிக்குக் கீழேயே உட்காரலாம். அவள் அப்பாவின் குளத்தையே கேட்டு வாங்கினாள். கார் பருவ நெல் சாகுபடிக்கு அவள் மடை ஷட்டரின் சக்கரத்தை முதல் முறையாகச் சுற்றியபோது, வயல்காரர்கள் கரையில் நின்று, “பொம்பளப் பிள்ள சுத்துமாலே?” என்றார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் அவரவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சங்கரபாண்டி மட்டும் நின்றான். கையில் உத்தரவு, நான்காக மடித்து.

“எங்க கிளம்புத?”

“டவுனுக்குட்டி. இத ஒரு ஃபோட்டோ காப்பி எடுத்து...”

“எடுத்து?”

“காப்பியத்தான்ட்டி லேமினேஷன் போடுதேன்!”