ஆடாத பொம்மையின் அடி

எங்கள் அத்தை செராமிக் யூனிட்டில் நாள் முழுக்க நின்றபடி பொம்மைகளுக்குப் பிசிறு நீக்குகிறவர். சூளைக்குப் போகும் முன் அடியைத் தேய்த்துச் சமமாக்கி, மேசையில் வைத்துத் தட்டிப் பார்ப்பார். ஆடினால் ரிஜெக்ட். அதனால் ஒருநாள் யூனிட் தரையின் வெள்ளைப் பொடியில் என் பாதம் நடுவில் வளைவே இல்லாமல் முழுசாகப் பதிந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாருங்கடி, அடி எவ்ளோ சமமா இருக்குது! இவ ஓடுனா வுழவே மாட்டா."

அந்தச் சான்றிதழை நம்பித்தான் ஏழாம் வகுப்பில் நானூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். விழவில்லை, உண்மைதான். ஆனால் பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி பிடித்துக்கொண்டது. பி.டி. மிஸ் என் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பிறவியிலேயே தட்டைப் பாதம், ஓடும்போது உள்ளே சாய்கிறது, பாரம் எலும்பில் இறங்குகிறது என்றார். இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. அதற்கப்புறமும் வலித்தால் போட்டியே கிடையாது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தை என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பொம்மை வச்ச எடத்துல நிக்கும். நீ ஓடுற புள்ள. அதை நான் யோசிக்கலியேடி."

சூளையில் பொம்மையின் நீட்டிய கை தொங்கிவிடாமல் இருக்க மண்ணால் முட்டுக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில், பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சீவி, என் ஷூவுக்குள் வைக்க இரண்டு முட்டுகள் செய்தார். செய்தவர் உடனே தரவில்லை. தன் செருப்பில் வைத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போய்விட்டார்.

"அது என்னுது அத்தை, தேஞ்சிடும்!"

"இருடி, ரெண்டு நாளு. பதம் பாக்க வேணாமா?"

மூன்றாம் நாள்தான், அதுவும் மனசில்லாமல், கைக்கு வந்தது. மிஸ் அழுத்திப் பார்த்து, ஓரத்தை இன்னும் கொஞ்சம் சீவச் சொன்னார். ஓய்வும் முட்டும் சேர்ந்து வலி அடங்கியது. ஓடினேன். நாலாவதாக வந்தேன். அத்தை போட்ட கூச்சலில் முதலாவதாக வந்தவளே திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயந்திரமும் அத்தை வழக்கம்போல் வலிக்கிற கால்களை வெந்நீரில் வைத்திருந்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். சிமெண்டுத் தரையில் அவருடைய ஈரத்தடமும், என்னுடையதைப் போலவே, நடுவில் வளைவே இல்லாமல், முழுசாக. நான் அதன் மேல் என் காலை வைத்து அளந்து பார்த்தேன். இன்னும் இரண்டு விரற்கடை வளரவேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.