செபமாலையும் காபன் மொனொக்சைட்டும்

இரும்பாலைப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டைப் பக்டீரியாவுக்கு ஊட்டி, எரிபொருளாகப் பயன்படும் மதுசாரம் எடுப்பது என் வேலை. மனிதரைக் கொல்லும் வாயு அவற்றுக்குச் சாப்பாடு. இதை யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மிச்சம் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில் செபமாலை. தேவாலயப் பங்கு ஆட்கள் இருபது பேர் முழங்காலில் இருந்தபோது, சுவரிலிருந்த காபன் மொனொக்சைட் அலாரம் ஒருமுறை கீச்சிட்டது. ஒரு நிமிடம் கழித்து இன்னொருமுறை. இந்த வாயுவைப் பற்றி அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தானே. வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லரை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு, சப்பாத்துக்கூடப் போடவிடாமல் எல்லோரையும் தூறலுக்குள் துரத்தினேன்.

நடைபாதையில் இருபது பேர் சேர்ந்து கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை என்று தொடங்கினேன். என் பக்டீரியாக்கள் அதை எவ்வளவு ஆசையாகத் தின்னும் என்று விளக்கினேன். ஈரக் காலுறைகளோடு அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

என் மாமியார் வெளியே வரவேயில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் கதிரையில் ஏறி அலாரத்தைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதன் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டால் பற்றரியை மாற்றவும். அதைச் சுவரில் பூட்டியவன் நான்தான்.

"எல்லாரும் உள்ள வாங்கோ," என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட பக்டீரியாவுக்கு இண்டைக்குப் பட்டினிதான், தம்பி."