சுமைதாங்கிக்கு அளவு நின்றேன்

சுமைதாங்கி செய்து விற்கிற வீட்டில் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று யாரையும் கூப்பிட முடியாது. வந்தவர்களை "போயிட்டு வாங்க" என்று அனுப்பவும் முடியாது. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால், சுமை இறங்காமலே போய்விட்டாளே என்று வீட்டார் பாதையோரத்தில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவளுக்கும் இறங்குமாம்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல் பட்டறை. மேட்டூரில் அணை கட்டின சமயம் அது. கல் உடைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே ஓடிவிட்டார்கள், எங்கள் வீட்டுக்காரரைத் தவிர. அவர் உளி பிடிப்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த நான் காவிக்கட்டியால் கல்லில் பேர் எழுதிக் கொடுப்பேன். தொழில் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, வருகிறவர்களிடம் வாய் கொடுப்பதும் நம் தலையில்தானே விழுகிறது!

இறக்கிப் பார்த்தவர்

ஒரு பண்ணையக்காரர், இறந்துபோன தன் மகளுக்குக் கல் எடுக்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, தலையில் ஒரு கம்பு மூட்டை. பட்டறையில் மாதிரிக்கு நிறுத்தியிருந்த முதல் கல்லில் மூட்டையை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூக்கி அடுத்த கல்லுக்குப் போனார். "ஏனுங்க, எல்லாம் ஒரே பாறையில வெட்டுனதுதானுங்க" என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

கடைசியில், ஓரம் பெயர்ந்துபோய் நாங்கள் தள்ளி வைத்திருந்த கல்லில் மூட்டையை இறக்கினார். முகமே மாறிவிட்டது. கல்லைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இதுலதான் எம்மக இருக்கறா. அந்தக் கல்லுகள்ல யாருமே இல்லீங்க."

அவள் உயரம்

அடுத்து வந்தவர் இராசிபுரத்து நெசவாளி, இளவயசு. பெண்சாதி ஏழாம் மாதத்தில் போய்விட்டாளாம். சுமைதாங்கியின் மேல்கல் ஆண்பிள்ளை தோள் உயரத்துக்கு இருப்பதுதான் வழக்கம். அவர் கூடாது என்றார்.

"சேலைக் கட்டைத் தூக்கிக்கிட்டு அவதானுங்க சந்தைக்குப் போவா. ரோடெல்லாம் கல்லு நிக்குது, அவளுக்கு ஒண்ணும் எட்டாது. இறக்கி உட ஆள் வருமான்னு கழுத்து நோவ நின்னுட்டு வருவா. அவ ஒசரத்துக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க."

உயரம் எவ்வளவு என்றால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்காரரோ பாறைக்குப் போயிருந்தார். நான் ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து கல்லுக்குப் பின்னாலேயே சுவரோரம் நின்று, "என் ஒசரம் இருப்பாங்களா?" என்றேன். அவர் அசந்துபோய், "அச்சு அசலா அதே ஒசரமுங்க" என்றார். ஆக வேண்டிய காரியத்தைப் பார்ப்போம் என்று என் தோளுக்கு நேராக நானே காவிக்கோடு போட்டேன். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கல்லைச் சுற்றி வந்தபோதுதான் என் வயிறு அவர் கண்ணில் பட்டது. எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

இரண்டடி பின்னால் போய்விட்டார். "அக்கா, அந்தக் கோட்ட அழிச்சிருங்க அக்கா!"

தையற்காரர் கணக்கு

நான் அழிக்கவில்லை. கல்லும் அந்த அளவுக்கே தயாராகி, வண்டியேறிப் போய்விட்டது. பிறகுதான் மாமியாருக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். முதல் சுமை விழுகிற வரைக்கும் அந்தக் கல் அளவு கொடுத்தவளையே பார்த்துக்கொண்டிருக்குமாம்.

"ரவிக்கைக்குத் தையக்காரரும்தான் அளவெடுக்கறாரு. அவரென்ன எமனுங்களா, அத்தை?" என்று சிரித்தேன்.

மாமியார் சிரிக்கவில்லை. "தையக்காரன் தெச்சதைப் போட்டுக்கிட்டு எல்லாரும் ஊட்டுக்குத்தான் வாராங்க. உம்புருசன் செதுக்குனதை வாங்குனவ எவடீ ஊட்டுக்கு வந்தா?"

முதல் சுமை

என் சிரிப்பும் நின்றது. ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அன்றிலிருந்து அசையவில்லை. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து நெசவாளி வந்தார். கல்லை நட்டாகிவிட்டது, ஆனால் ஒருத்தரும் சுமை இறக்கவில்லை, புல்லுக்கட்டுக்காரிகள்கூட ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போகிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னார்.

பயந்து உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது? சின்னதாக ஒரு சோளத்தட்டுக் கட்டு எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியிலேயே போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். உச்சிப் பொழுது. காக்கைகூட இல்லை. வெயிலில் நின்ற கல் என் தோளுக்குச் சரியாக நின்றது.

ஆண்கள் இருவரையும் வண்டியருகே நிறுத்திவிட்டு, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கல்லருகே தலையைச் சாய்த்தேன். பாரம் தானாகவே இறங்கியது, எதிரே நின்று யாரோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட மாதிரி. எதிரே வெறும் ரோடு. கையை எடுத்த பிறகும் கட்டு நிற்கவில்லை. மெள்ள நகர்ந்து கல்லின் ஓரத்துக்குப் போய் நின்றது. அப்போது பிள்ளை உதைத்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நெசவாளி அருகே வந்து காலியாகக் கிடந்த பாதிக் கல்லையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. "அவ எப்பவும் அப்படித்தானுங்க அக்கா, பின்னால வாரவளுக்கு எடம் உட்டுத்தான் வெப்பா."

மகள் நல்லபடியாகப் பிறந்து நடக்கவும் பழகிவிட்டாள். ஆனாலும் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், அவளை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு கல் செய்ய என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியவில்லை.