பாதி எழுந்தவள்

"எழுந்திரு கண்ணு, சளி பிடிக்கும்," என்றாள் மேவிஸ், ஈரப் புல்லில் வெறுங்காலோடு மல்லாந்து கிடந்த பெண்ணிடம். அந்தப் பெண் தங்கச் சட்டத்துக்குள் இருந்தாள். மேவிஸ் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த படத்துக்குப் போனாள்.

விக்டோரியா மகாராணி காலத்து ஓவியங்களோடு அவள் இப்படித்தான் பேசுவாள். மான்செஸ்டரில் அவற்றைக் கண்காட்சி வைத்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துவிடுவாள். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். எந்தப் பிள்ளை பட்டாணியைக் கால்சட்டைப் பைக்குள் தள்ளும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். படத்தில் இருப்பவர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள். பிரபுவா ஏழையா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. இந்த ஆள் சாப்பிட்டானா, இந்தப் பெண் பொய் சொல்கிறாளா, அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்கமாட்டாள். "எதுத்த வீட்டுச் சண்டைய வேடிக்கை பாக்கறப்ப யாராவது சீட்டு எழுதியா ஒட்டறாங்க?"

கூட வரும் நெவில் இதற்கு நேர்மாறு. பஸ் ஓட்டியவர். முதலில் குறிப்பைப் படிப்பார், பிறகு படத்தைப் பார்ப்பார், சந்தேகத்துக்கு மறுபடியும் குறிப்பைப் படிப்பார். இருவரும் துணையை இழந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சுற்றுவது வழக்கமாகிவிட்டது.

இந்த ஞாயிறு நெவிலுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. சவுத்போர்ட்டில் கடலைப் பார்த்த ஃபிளாட் ஒன்று வந்திருந்தது. மறுநாள் முடிவு சொல்லவேண்டும். மேவிஸும் வந்து தன்னோடு இருக்கவேண்டும் என்று பஸ்ஸில் கேட்டார். அவள் வராவிட்டாலும் தான் போவதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் மறுபக்கம் பார்த்தாள்.

இரண்டாவது அறையின் கோடியில் ஒரு சிறிய படம். காலைச் சாப்பாட்டு மேஜை. ஒரு பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருக்கிறாள், அல்லது பாதி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு மீசைக்காரன், முட்டையை உடைக்காமல் கரண்டியைப் பிடித்தபடி. பின்சுவரில் குளிர்காயும் கணப்பு.

"உக்காரப் போறா," என்றாள் மேவிஸ்.

நெவில் குனிந்து குறிப்பைப் படித்தார். "இல்ல. 'பிரிவு'ன்னு பேரு போட்டிருக்கு. அவன விட்டுட்டுப் போறா."

"கணப்பப் பாரு. இப்பத்தான் கரி போட்டிருக்கா, இன்னும் கருப்பாவே கெடக்கு. வீட்ட விட்டுப் போறவ கரிய வீணாக்குவாளா?"

"அது வேலைக்காரி போட்டதா இருக்கும்."

"அந்தத் தட்டப் பாத்தா வேலைக்காரி வச்ச வீடு மாதிரியா தெரியுது?"

"வரைஞ்சவரே வச்ச பேரு, மேவிஸ்."

"அவரு என்னைக்காவது கரி அள்ளியிருக்காரா?"

அவர்கள் நெடுநேரம் நின்றதில் ஒன்று நடந்துவிட்டது. மழைக்கோட்டு போட்ட ஒருவர் வந்து பின்னால் நின்றுகொண்டார். இங்கிலாந்தில் இரண்டு பேர் நகராமல் நின்றால் அங்கே வரிசை இருக்கிறது என்று பொருள். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி, அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்லூரிக் கூட்டம். வரிசை வாசலைத் தாண்டி வளைந்தது. மற்ற படங்களின் முன்னால் ஆளே இல்லை. எதற்கு நிற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் முந்திக்கொள்ளப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

நெவில் இதைக் கவனிக்கவில்லை. "அவ போறாளோ இருக்காளோ, விடு. நீ வர்றியா, இல்லையா?"

மேவிஸ் திரும்பினாள். அத்தனை முகங்களையும் பார்த்தாள். வரிசையைக் காக்கவைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு கெழங்க கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு நான் வரல, நெவில். என் வீடு இங்க இருக்கு, என் பஸ்ஸு இங்க ஓடுது. நீ என் வீட்டுக்கு வந்துரு. மாடியில பின்பக்க ரூம் சும்மாதான் கெடக்கு."

மழைக்கோட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். பின்னாலிருந்த பெண்மணி கணவரின் முழங்கையைத் தட்டி அவரையும் கூரையைப் பார்க்கவைத்தாள்.

"ஊரே கேக்குது," என்றார் நெவில். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"கேட்டா கேக்கட்டும்."

"யோசிக்கணும்."

"யோசி. ஒதுங்கி நின்னு யோசி, கண்ணு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

இருவரும் விலகினார்கள். மழைக்கோட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டு ஓரடி முன்னால் வந்து, படத்தை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் நெவில் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தார். தன் நிறுத்தத்தில் இறங்கும்போது தொப்பியை மட்டும் தொட்டுக் காட்டினார்.

மறுநாள் மழை. நெவில் காலையில் சவுத்போர்ட்டுக்குத் தொலைபேசியில் பேசி, ஃபிளாட் வேண்டாம் என்று சொன்னார். மதியம் அதை மேவிஸிடம் சொல்லப் போனார். கதவு தாழிடாமல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார். பின் அறைக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. மேவிஸ் ஒரு தலையணையைத் தாடையால் இடுக்கிப் பிடித்து, அதன் உறையைக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.